‘அப்நார்மல்’ என்று அச்சாகி வந்த ரிப்போர்ட்: இதயம் குறித்த வாசகர் கேள்விகள்

முழு உடல் பரிசோதனைக்குப் போய், எதிர்பாராத ஒரு வரியோடு வீடு திரும்பியவர்களின் கடிதங்கள் இம்மாதம் நிறைய வந்திருக்கின்றன. வயது, இருக்கும் நோய்கள், அறிகுறிகள் மூன்றையும் சேர்த்து எழுதியவர்களுக்குத்தான் உருப்படியாகப் பதில் சொல்ல முடிகிறது. ரிப்போர்ட்டில் உள்ள வரியை மட்டும் எழுதி அனுப்பினால் ஊகிக்கத்தான் முடியும். இதயத்தைப் பொறுத்தவரை ஊகம் யாருக்கும் உதவாது.

கேள்வி: என் கணவருக்கு வயது 38. புதுக் கம்பெனியில் சேர்வதற்காக எடுத்த ஈசிஜியில் ‘செப்டல் இன்ஃபார்க்ட், ஏஜ் அன்டிடெர்மின்ட்’ என்று வந்திருக்கிறது. ஏற்கெனவே ஹார்ட் அட்டாக் வந்து போய்விட்டது என்றுதானே அர்த்தம்? அவருக்கு ஒருநாள்கூட நெஞ்சுவலி வந்ததில்லை. சர்க்கரை, பிரஷர் இல்லை.
– வாசகி, ஓசூர்

பதில்: அந்த வரியை எழுதியது டாக்டர் அல்ல, ஈசிஜி மெஷினுக்குள் இருக்கும் சாஃப்ட்வேர். தாளின் மேலோ கீழோ பொடி எழுத்தில் ‘அன்கன்ஃபர்ம்டு’ என்று இருக்கிறதா பாருங்கள். மருத்துவர் யாரும் இன்னும் பார்த்து உறுதிசெய்யவில்லை என்பதற்கான குறிப்பு அது.

வி1, வி2 என்ற இரண்டு லீடுகளில் (நெஞ்சில் ஒட்டும் பொத்தான்கள் பதிவுசெய்யும் கோடுகளில்) முதலில் மேலெழும் ஒரு சிறு அலை (ஆர் அலை) இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், இதயத்தின் இடைச்சுவர்த் தசை எப்போதோ செத்துப்போயிருக்கலாம் என்று சாஃப்ட்வேர் கணக்குப்போட்டு இந்த வரியை அச்சடித்துவிடும். ஆனால் அந்த அலை மறைவதற்கு, குறிப்பாக இளவயதினரிடம், மிகச் சாதாரணமான காரணம் ஒன்று உண்டு: பொத்தானை இடம் மாற்றி ஒட்டுவது. வி1, வி2 இரண்டும் நெஞ்செலும்பின் இருபுறமும் நான்காவது விலா இடைவெளியில் இருக்க வேண்டும். தொண்டைக்குழியிலிருந்து விரலைக் கீழே இறக்கினால் ஒரு மேடு தட்டுப்படும். அதற்குப் பக்கத்தில் சேர்வது இரண்டாவது விலா; அதன் கீழுள்ளது இரண்டாவது இடைவெளி. அங்கிருந்து இன்னும் இரண்டு இடைவெளி இறங்க வேண்டும். நாற்பது ஐம்பது பேர் வரிசையில் நிற்கும் முகாமில் யாரும் விலா எண்ணிக்கொண்டிருப்பதில்லை. கழுத்தெலும்புக்குக் கொஞ்சம் கீழே ஒட்டிவிடுவார்கள். உடனே ஆர் அலை சுருங்கும், சிலருக்குக் காணாமலே போகும். இப்படி மேலே ஒட்டிய ஈசிஜியில் வி1 லீடில் பி அலை (மேலறைகளின் துடிப்பைக் காட்டும் சிறு அலை) முழுக்கத் தலைகீழாக இருக்கும். வி2-விலும் பல நேரம் அப்படியே இருக்கும். உங்கள் டாக்டர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

செய்ய வேண்டியது: வேறு இடத்தில், விலா எண்ணி ஒட்டச் சொல்லி, ஈசிஜியை மறுபடி எடுங்கள். அலை திரும்பி வந்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. வரவில்லை என்றால் எக்கோ (இதய ஸ்கேன்). அதில் இடைச்சுவர் சுருங்கி விரிவது சரியாக இருந்து, ‘ஆர்டபிள்யூஎம்ஏ இல்லை’ (சுவரின் எந்தப் பகுதியிலும் அசைவுக் குறை இல்லை) என்று வந்தால், பழைய அட்டாக் இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வலியே தெரியாமல் அட்டாக் வந்து போவதும் உண்மையில் உண்டு, பெரும்பாலும் நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளிடம். அதனால்தான் ‘மெஷின் தப்பு’ என்று நீங்களே முடிவுகட்டித் தாளைக் கிழித்துப் போட வேண்டாம் என்கிறோம்.

இன்னொன்று. ஈசிஜி தாள் வெப்பத்தில் அச்சாகும் தாள். சில ஆண்டுகளில் வெளுத்துவிடும். பத்திரப்படுத்துவதாக நினைத்து லேமினேட் செய்தால் சூட்டில் மொத்தமும் கறுத்துப்போகும். ஜெராக்ஸ் எடுத்தோ போனில் படம் பிடித்தோ வையுங்கள். நாளைக்கு ஒருநாள் நெஞ்சுவலி என்று போகும்போது, ‘இது பழசா, புதுசா’ என்று முடிவெடுக்க அந்தப் பழைய தாள் கைகொடுக்கும்.

கேள்வி: எனக்கு வயது 44, ஆசிரியை. செக்கப் பேக்கேஜில் டிஎம்டியும் (டிரெட்மில் சோதனை) இருந்தது. 9 நிமிடம் நடந்தேன், வலி எதுவும் இல்லை. ஆனால் ‘டிஎம்டி பாசிட்டிவ்’ என்று எழுதி, ஆஞ்சியோ செய்ய அடுத்த வாரமே நாள் கொடுத்துவிட்டார்கள். எஸ்டி (ஈசிஜி கோட்டின் ஒரு பகுதி) 1 மி.மீ. இறக்கம் என்று இருக்கிறது. சர்க்கரை, பிரஷர் கிடையாது. ஹீமோகுளோபின் 9.1. மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம். ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: ஆஞ்சியோவுக்கு முன்னால் சரிபார்க்க வேண்டியவை உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன.

முதலில் கணக்கு. டிரெட்மில் சோதனை, அடைப்பு உள்ள 100 பேரில் ஏறத்தாழ 68 பேரைக் கண்டுபிடிக்கும். அடைப்பு இல்லாத 100 பேரில் 23 பேரையும் ‘பாசிட்டிவ்’ என்று சொல்லிவிடும். பெண்களிடம் இந்தத் தவறு இன்னும் கூடுதல். உங்களைப்போல அறிகுறி இல்லாத, சர்க்கரையும் பிரஷரும் இல்லாத 44 வயதுப் பெண்கள் 1,000 பேரை நடக்கவைப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 30 பேருக்கு உண்மையில் அடைப்பு இருப்பதாகவே, தாராளமாக, வைத்துக்கொள்ளலாம். அந்த 30-இல் 20 பேருக்கு பாசிட்டிவ் வரும். மீதி 970 பேரில் 223 பேருக்கும் பாசிட்டிவ் வரும். ஆக பாசிட்டிவ் வந்த 243 பேரில் அடைப்பு இருப்பது 20 பேருக்குத்தான். இதே சோதனையை, நடந்தால் நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லும் 60 வயது சர்க்கரை நோயாளிக்குச் செய்தால் கணக்கு தலைகீழாகிவிடும். அறிகுறி இல்லாத எல்லோருக்கும் பேக்கேஜில் டிஎம்டியைச் சேர்ப்பது வியாபாரத்துக்கு நல்லது. மருத்துவமாக அதற்கு வலுவான நியாயம் இல்லை.

அடுத்தது, ரிப்போர்ட்டின் முழுத் தாள்கள். ‘பாசிட்டிவ்’ என்ற ஒரு சொல்லை வைத்து யாரும் முடிவெடுக்கக் கூடாது. புரூஸ் என்ற வழக்கமான டிரெட்மில் முறையில் 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் கூடும். முதல் கட்டம் மணிக்கு 2.7 கி.மீ., 10 சதவீதச் சரிவு. மூன்றாம் கட்டத்தில் 5.5 கி.மீ., 14 சதவீதம். நீங்கள் மூன்று கட்டங்களையும் முடித்திருக்கிறீர்கள். அது 10 மெட்ஸ் (ஓய்வில் செலவாகும் ஆற்றலைப்போல 10 மடங்கு) அளவுக்கான உழைப்பு, நல்ல அறிகுறி. 220-இலிருந்து வயதைக் கழித்து அதில் 85 சதவீதத்தை, உங்களுக்கு 150 துடிப்பை, எட்டினீர்களா என்று பாருங்கள். பிறகு டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள்: எஸ்டி இறக்கம் எந்தக் கட்டத்தில் தொடங்கியது? கோடு மட்டமாகவோ கீழ்நோக்கியோ போனதா, மேல்நோக்கி ஏறியதா? மேலேறும் இறக்கத்துக்கு மதிப்பு குறைவு. இறங்கி உட்கார்ந்த எத்தனையாவது நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்தது? ஒரு நிமிடத்துக்குள் சரியானால் பொய்யான பாசிட்டிவாக இருக்கும் வாய்ப்பு கூடும். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் யோசிக்க வேண்டும்.

டியூக் மதிப்பெண் என்றொரு எளிய கணக்கும் உண்டு. நடந்த நிமிடங்களிலிருந்து, எஸ்டி இறக்கத்தை 5-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். நடக்கும்போது வலி வந்திருந்தால் மேலும் 4, வலியால் சோதனையை நிறுத்த நேர்ந்திருந்தால் 8 கழிக்க வேண்டும். உங்களுக்கு 9 – 5 – 0 = 4. ஐந்தும் அதற்கு மேலும் என்றால் குறைந்த ஆபத்து. மைனஸ் 11-உம் அதற்குக் கீழும் என்றால் அதிக ஆபத்து. நீங்கள் நடுப்பகுதியின் மேல் விளிம்பில், குறைந்த ஆபத்துக்கு ஒரு மதிப்பெண் தள்ளி நிற்கிறீர்கள்.

மூன்றாவது, ரத்தசோகை. ஹீமோகுளோபின் 9.1 என்றால் தசைக்குப் போகும் ஆக்சிஜன் குறைவு, இதயம் வேகமாக ஓடும். அடைப்பே இல்லாமலும் எஸ்டி இறங்கலாம். பொட்டாசியம் குறைந்திருந்தாலும், டிகாக்சின் மாத்திரை சாப்பிட்டாலும், மைட்ரல் வால்வு தொய்வு இருந்தாலும் இப்படி ஆகும். ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பு) பாருங்கள், மகப்பேறு மருத்துவரிடம் ரத்தப்போக்குக்கு வழி கேளுங்கள். இதயத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் உங்கள் ரிப்போர்ட்டில் உடனே கவனிக்க வேண்டியது அந்த 9.1-தான்.

அடைப்பு இருக்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொள்ள, கையிலோ தொடையிலோ குழாய் விடும் ஆஞ்சியோவுக்கு முன்பு சிடி ஆஞ்சியோவோ ஸ்ட்ரெஸ் எக்கோவோ (இதயத்தை வேகமாகத் துடிக்கவைத்து எடுக்கும் எக்கோ) போதுமா என்று கேளுங்கள். உங்களைப் போன்றவர்களுக்கு சிடி ஆஞ்சியோவில் ‘அடைப்பு இல்லை’ என்று வந்தால் அதை நம்பலாம். அதற்கு முன் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தச் சோதனை) பார்ப்பார்கள். 4 மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். முந்தைய இரவிலிருந்து காபி, டீ கூடாது. இதயத் துடிப்பு 60-ஐ ஒட்டி இருந்தால்தான் படம் தெளிவாக விழும். அதனால் மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை தருவார்கள். ஆஸ்துமா, அயோடின் மருந்து அலர்ஜி, கர்ப்பத்துக்கான வாய்ப்பு ஏதாவது இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முதல் கட்டத்திலேயே எஸ்டி 2 மி.மீ. இறங்கியது, நடக்க நடக்க பிரஷர் விழுந்தது, வலி வந்தது, எஸ்டி மேலே ஏறியது, தாறுமாறான துடிப்பு வந்தது – இவற்றில் ஒன்று ரிப்போர்ட்டில் இருந்தாலும் மேலே சொன்ன தயக்கமெல்லாம் வேண்டாம். கொடுத்த தேதியில் ஆஞ்சியோவுக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: கால்சியம் ஸ்கோர் 0 வந்திருக்கிறது. வயது 39. அப்பாவுக்கு 48 வயதில் அட்டாக். நான் தினம் 6 சிகரெட். இனி பயமில்லைதானே?
– எம்.ஆர்., மதுரை

பதில்: சுண்ணாம்பு படிந்த அடைப்பைத்தான் அந்த ஸ்கேன் காட்டும். நாற்பது வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் இருக்கும் கொழுப்புப் படிவு பெரும்பாலும் இன்னும் சுண்ணாம்பு படியாதது. வெடித்து அட்டாக்கை உண்டாக்குவதும் அந்த மெத்தென்ற படிவுதான். எனவே 0 என்பது சிகரெட்டுக்கு லைசென்ஸ் ஆகாது. எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) பாருங்கள்; அதோடு வாழ்நாளில் ஒரேயொரு முறை பார்த்தால் போதுமான லைபோபுரோட்டீன்-ஏ சோதனையையும் செய்துவிடுங்கள். அது 50 மி.கி.க்கு மேல் இருந்தால் அப்பாவின் வழியில் வந்திருக்கலாம். எல்டிஎல்லை இன்னும் கறாராகக் குறைக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது, பதினைந்து வருடமாக பிரஷர். எக்கோவில் ‘கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன், டிரிவியல் எம்ஆர், டிரிவியல் டிஆர், இஎஃப் 62%’. பக்கத்து வீட்டுக்காரர் ‘ஹார்ட் ஃபெயிலியரின் முதல் படி’ என்று சொல்லிவிட்டார். அப்பா வாக்கிங் போவதையே நிறுத்திவிட்டார்.
– எஸ்.வி., கும்பகோணம்

பதில்: அப்பாவை நாளைக் காலையே வாக்கிங் அனுப்புங்கள்.

இஎஃப் 62 என்றால் இதயம் சுருங்கிப் பம்ப் செய்வதில் குறையில்லை. டயஸ்டாலிக் என்பது இதயம் தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ளும் நேரம். ரத்தம் இரண்டு அலையாக உள்ளே வரும். முதல் அலை இ, கடைசியில் மேலறை தள்ளிவிடும் அலை ஏ. வயது ஏற ஏறத் தசை கொஞ்சம் விறைப்பதால் இ சிறுத்து ஏ பெரிதாகும். இ-க்கும் ஏ-க்குமான விகிதம் 0.8-க்குக் கீழே போனால் கிரேடு 1 என்று எழுதுவார்கள். அறுபது தாண்டியவர்களிடம், அதிலும் பிரஷர் உள்ளவர்களிடம், இது மிகச் சாதாரணம். கிரேடு 1-க்கென்று தனி மாத்திரை கிடையாது. பிரஷரை 130/80-க்குள் வைப்பதுதான் வைத்தியம். எம்ஆர், டிஆர் என்பவை வால்வுக் கசிவுகள். ‘டிரிவியல்’ (மிகச் சிறிய) கசிவு ஆரோக்கியமானவர்களின் வால்விலும் தெரியும். இன்றைய எக்கோ மெஷின்கள் அவ்வளவு நுட்பமானவை.

அதே ரிப்போர்ட்டில் இடது மேலறை பெரிதாகியிருக்கிறதா, சுவர் தடித்திருக்கிறதா, ‘இ/இ ப்ரைம்’ என்ற எண் 14-ஐத் தாண்டியதா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். மாடி ஏறினால் மூச்சிரைப்பு, மல்லாந்து படுத்தால் திணறல், கால் வீக்கம், இரண்டு மூன்று நாளில் 2 கிலோ எடை கூடுவது இவற்றில் ஏதாவது இருந்தால் கிரேடு 1 என்று விடாமல் காட்டுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது, கிரியாட்டினின் 3.2. காய்ச்சலுக்குச் சேர்த்தபோது ட்ரோபோனின் (இதயத் தசை பாதித்தால் ரத்தத்தில் கூடும் புரதம்) 48 என்று வந்தது. 14-க்குள் இருக்க வேண்டுமாம். மூன்று மணி நேரம் கழித்து எடுத்ததில் 51. ‘இது அட்டாக் இல்லை’ என்று அனுப்பிவிட்டார்கள். எண் கூடித்தானே இருக்கிறது?
– வாசகர், விழுப்புரம்

பதில்: நீங்கள் கொடுத்த எண்களை வைத்துப் பார்த்தால் அவர்கள் சொன்னது பொருந்துகிறது. அட்டாக்கில் ட்ரோபோனின் மணிக்கு மணி மளமளவென்று ஏறும், பிறகு இறங்கும். ஏற்கெனவே கூடியிருக்கும் ஒருவருக்கு 20 சதவீதத்துக்கு மேல் மாறினால்தான் புதிதாக ஏதோ நடக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். 48-க்கும் 51-க்கும் வித்தியாசம் 6 சதவீதம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்த எண் எப்போதுமே கூடுதலாகத்தான் இருக்கும். கடும் தொற்று, நுரையீரல் ரத்தக்கட்டு, மயோகார்டைட்டிஸ் (இதயத் தசை அழற்சி), மிக வேகமான துடிப்பு எல்லாம் இதை ஏற்றும். இந்த 48-ஐ டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஒப்பிட அது வேண்டும். இப்படி நிரந்தரமாகக் கூடியிருப்பவர்களுக்கு இதய ஆபத்து மற்றவர்களைவிட அதிகம் என்பதால் ஒரு எக்கோவும் எடுத்துவிடுங்கள்.

நெஞ்சுவலி தொடங்கி ஒரு மணி நேரத்தில் எடுத்த முதல் ட்ரோபோனின் நார்மல் என்றால், அதை வைத்து வீட்டுக்குக் கிளம்பிவிடக் கூடாது. ரத்தத்தில் ஏற அதற்கு நேரம் பிடிக்கும். இரண்டாவது மாதிரி கட்டாயம்.

கேள்வி: வயது 52, சர்க்கரை 9 வருடமாக. வேகமாக நடந்தாலோ மாடி ஏறினாலோ நடுநெஞ்சில் பாரம் வைத்த மாதிரி இருக்கிறது. நின்றால் மூன்று நிமிடத்தில் போய்விடுகிறது. ஈசிஜி நார்மல், எக்கோ நார்மல். ‘வாயு’ என்று பான்டோப்ரசோல் (வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை) சாப்பிடுகிறேன். ரிப்போர்ட் எல்லாம் சரியாக இருப்பதால் விட்டுவிடலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கூடவே கூடாது. இம்மாதம் வந்த கடிதங்களில் எங்களை உண்மையில் கவலைப்படுத்தியது எந்த ‘அப்நார்மல்’ ரிப்போர்ட்டும் அல்ல, உங்கள் நார்மல் ரிப்போர்ட்தான்.

உழைத்தால் வரும், நின்றால் போகும், நடுநெஞ்சில் பாரம்: இந்த மூன்றும் சேர்ந்தால் ஆஞ்சைனா (இதயத் தசைக்கு ரத்தம் போதாமல் வரும் வலி). இல்லை என்று நிரூபிக்கும்வரை அப்படித்தான் நடத்த வேண்டும். ஈசிஜியும் எக்கோவும் நீங்கள் படுத்திருந்தபோது எடுத்தவை. குழாய் 70 சதவீதம் சுருங்கியிருந்தாலும் ஓய்வில் இருக்கும் தசைக்கு ரத்தம் போதும். நடக்கும்போதுதான் பற்றாக்குறை வரும். ஆஞ்சைனா உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஓய்வில் எடுத்த ஈசிஜி நார்மலாகவே இருக்கும். வாயு உப்புசம் சாப்பாட்டோடு வரும், ஏப்பத்தோடு போகும். மாடிப்படியைப் பார்த்து வராது.

இந்த வாரமே இதயநோய் மருத்துவரிடம் போங்கள். ‘நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது’ என்று சொல்லாதீர்கள். எவ்வளவு தூரம் நடந்தால் வருகிறது, எத்தனை நிமிடம் இருக்கிறது, கை, தாடை, முதுகுக்குப் பரவுகிறதா, வியர்க்கிறதா என்று சொல்லுங்கள். சிடி ஆஞ்சியோவா, ஸ்ட்ரெஸ் சோதனையா, நேரடி ஆஞ்சியோவா என்பதை அந்த விவரம்தான் முடிவுசெய்யும். டிரெட்மில்லில் நடக்கச் சொன்னால், பாரம் வந்த உடனே சொல்லிவிட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்து முடிக்கக் கூடாது. அதுவரை மாடி, வேக நடை, சாப்பிட்ட உடனே நடப்பது வேண்டாம்.

முன்பு 500 மீட்டரில் வந்த பாரம் இப்போது 100 மீட்டரில் வந்தாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போது வந்தாலோ, தூக்கத்தில் எழுப்பினாலோ அது வேறு கதை. ஓய்வில் வந்து நீடிக்கும் வலிக்கு இஞ்சிச் சாறு, சோடா என்று நேரத்தைக் கடத்தாமல் 108-ஐ அழையுங்கள். நீங்களே பைக் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். ஆஸ்பிரின் அலர்ஜியோ ரத்தக்கசிவுப் பிரச்சினையோ இல்லையென்றால் 300 மி.கி. ஆஸ்பிரினை மென்று விழுங்குங்கள். நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை (ரத்தக்குழாயை விரிப்பது) நின்றுகொண்டு போட்டால் பிரஷர் இறங்கி விழுந்துவிடுவீர்கள். உட்கார்ந்துதான் போட வேண்டும். சில்டனாஃபில் (வயாகரா) சாப்பிட்ட 24 மணி நேரத்துக்குள் போடவே கூடாது. பெரிய ஆஸ்பத்திரி தூரமென்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். தமிழக அரசு 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டார்வாஸ்டாட்டின் முதல் டோஸை அங்கேயே கொடுத்து அனுப்புகிறார்கள்.

கேள்வி: 29 வயது, ஐ.டி. வேலை. துடிப்பு ஒன்று தவறுவது மாதிரி இருந்ததால் 24 மணி நேர ஹோல்டர் (உடலில் மாட்டிவிடும் ஈசிஜி) போட்டார்கள். 640 விபிசி (கீழறையிலிருந்து முந்தி வரும் துடிப்பு)! எக்கோ நார்மல். அதிலிருந்து ஸ்மார்ட் வாட்சில் ஒரு நாளைக்கு இருபது தடவை ஈசிஜி பார்க்கிறேன்.
– வாசகர், சென்னை

பதில்: ஒரு நாளைக்கு இதயம் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அதில் 640 என்றால் 0.6 சதவீதம். நாங்கள் கவலைப்படத் தொடங்குவது 10 சதவீதத்தை ஒட்டி. அந்த அளவில் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் இதயத் தசை தளரலாம். ‘தவறிய’ துடிப்பு உண்மையில் சீக்கிரம் வந்துவிட்ட துடிப்பு. அதை அடுத்து வரும் இடைவெளிதான் உங்களுக்குத் திக்கென்று தெரிகிறது. பொட்டாசியம், மெக்னீசியம், டிஎஸ்எச் (தைராய்டு), ஹீமோகுளோபின் நான்கையும் ஒருமுறை பாருங்கள். தூக்கம் ஐந்து மணி நேரமா? எனர்ஜி டிரிங்க் உண்டா? அதிலிருந்து தொடங்குங்கள்.

மயக்கம் போட்டிருந்தால், ஓடும்போது துடிப்பு அதிகமாகத் தவறினால், குடும்பத்தில் யாராவது நாற்பதுக்குள் திடீரென இறந்திருந்தால் இந்தப் பதில் உங்களுக்குப் பொருந்தாது. டாக்டரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள்.

வாட்ச் ஒரே லீடுதான் எடுக்கும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் போன்ற தாளப் பிசகைப் பிடிக்கும்; அடைப்பையோ அட்டாக்கையோ அதனால் கண்டுபிடிக்க முடியாது. இருபது முறை பார்த்தால் கையசைவில் ஏதாவது ஒன்றிரண்டு ‘முடிவு தெரியவில்லை’ என்று வரத்தான் செய்யும், அதைப் பார்த்து இன்னும் இருபது முறை பார்ப்பீர்கள். அட்ரினலின் ஏறினால் விபிசியும் ஏறும். படபடப்பு வரும்போது மட்டும் ஒருமுறை எடுத்து வைத்து, அடுத்த விசிட்டில் காட்டுங்கள். இரண்டு மூன்று வாரமாகியும் பார்க்காமல் இருக்க முடியவில்லை, வேலை கெடுகிறது என்றால் மனநல மருத்துவரிடம் ஒரு அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். மறுபடி எக்கோ எடுப்பதைவிட அது உங்களுக்குப் பயன்படும்.